தைலம் தடவிய மூக்கு

வெளிநாட்டு விடுதியின் குளியலறை வடிகாலில் யாருடைய தலைமுடியோ கொத்தாகச் சுருண்டு கிடந்தது. சோப்பு நுரை அதில் சிக்கிக் காய்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் சீச்சி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பல் துலக்காமலே அறைக்குத் திரும்பிவிட்டாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதை நீட்டினாலும் மூக்கைச் சுளித்துக்கொண்டு "சீச்சீ" என்பாள் என்று தாய்மாமன் வைத்த பெயர் இது. கல்லூரி வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுற்றுச்சூழல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவள். வெளிநாட்டில் மூன்று வாரப் படிப்பு, செலவு கல்லூரியுடையது என்றதும் முண்டியடித்துக்கொண்டு பெயர் கொடுத்தாள். கடற்கரை ஆராய்ச்சியும் காற்றாலையும் மூத்த மாணவர்களுக்குப் போக, இவளுக்கு மிஞ்சியது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றார் அப்பா. பல்லைப் பார்க்கத்தான் தேவையே இல்லையே. மாடு இருக்கும் திசையிலிருந்தே நாற்றம் வந்தது.

"அம்மா, என்னால முடியல. திரும்பி வந்துடறேன்," என்றாள் போனில்.

"சாக்கடைத் தண்ணி படிக்கப் போனா நாறத்தான்டி செய்யும். பூக்கடைக்கா அனுப்பினாங்க உன்னை?"

அறையைப் பகிர்ந்துகொண்டவள் நாற்பதைத் தாண்டியவள். வேறோர் ஊரில் நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. இந்தப் படிப்பில் தேறினால் அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி. தேறாவிட்டால், அவளிடம் வேலை கற்றுக்கொண்டவனே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவளை அதட்டுவான்.

நல்லவள்தான். ஆனால் ஈரக் காலுறைகளை ஹீட்டர் மேல் விரித்துப் போடுவாள். அறை முழுக்கப் புளித்த வாடை எழும்பும். கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவாள். ஒருநாள் அதில் ஒரு துண்டு சீச்சியின் தலையணையில் பிறைபோல் கிடந்தது. சாப்பிட்டு முடித்தால் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டுத்தான் எழுவாள். போதாக்குறைக்கு, தினமும் காலையில் கழிவுநீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கை கூப்புவாள்.

"இந்த எடத்துல போய் சாமி கும்புடுறீங்களே அக்கா."

"அவரு எந்த எடத்துல இல்லைங்குற?" என்றாள் பெரியக்கா. "இங்க இருக்குறதுக்கு அவருக்கே தைரியம் வேணும். அதுக்காகவாச்சும் ஒரு கும்புடு போட வேண்டாமா?"

பயிற்சி கொடுத்தவருக்கு முகத்தில் பாதி மூக்கு. மூக்கு வாத்தியார் என்றே மாணவர்கள் கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். ஜோடிக்கு ஒரு சிறிய தொட்டி கொடுத்திருந்தார். கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருந்தன. அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். காற்று போதுமானால் தொட்டி மழை நனைத்த மண்போல மணக்கும். போதாவிட்டால் அழுகிய முட்டை. ஒருவர் குவளையில் மொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும். மற்றவர் அதைக் கேட்டுக் காற்றுக்குழாயின் வால்வைத் திருப்ப வேண்டும். தேறினாலும் தோற்றாலும் இருவரும் சேர்ந்துதான்.

"காத்தளக்குற மீட்டர் என்னிக்காவது பழுதாகும். மொதல்ல மூக்கைப் பழக்குங்க," என்றார் வாத்தியார். பிறகு சீச்சியைப் பார்த்து, "சின்ன வயசு மூக்கு கூர்மையா இருக்கும். மோந்து பாக்குறது நீ," என்றார்.

அந்தக் குவளைத் தண்ணீர் பழுப்பாக, நூல் நூலாக ஏதோ மிதக்க இருந்தது. சீச்சி மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டாள். தலைவலித் தைலத்தை இரண்டு நாசியிலும் தாராளமாகத் தடவி, மேலே முகமூடி போட்டு, அறைக்குத் திரும்பும்வரை கழற்றாமல் இருந்தாள். குவளையை முகத்தருகே கொண்டுபோவாள். கண்ணில் நீர் வரும் அளவுக்குத் தைலம்தான் அடிக்கும். "மண் வாசனை," என்பாள். பெரியக்கா தன் மூக்கைவிட அதை நம்பி வால்வை அப்படியே விடுவாள். தொட்டி நன்றாக இருந்தவரை பொய்யும் நன்றாகவே இருந்தது.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மதியம் மற்ற ஜோடிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். சீச்சியும் பெரியக்காவும் பார்த்துக்கொண்ட தொட்டி கறுத்திருந்தது.

"யாரோ உள்ள செத்துப்போன மாதிரி இருக்கே," என்றான் பக்கத்துத் தொட்டிக்காரன்.

வாத்தியார் குவளையை எடுக்கவேயில்லை. நின்ற இடத்திலேயே முகர்ந்தார். "இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. காலைல என்ன சொன்னே?"

"மண் வாசனைன்னு..."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை மீட்டுக் குடுங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

சீச்சிக்கு ஊருக்குப் போக வழி திறந்துவிட்டது. அறைக்கு வந்ததும் பெட்டியைக்கூட இழுத்து வைத்தாள். பெரியக்கா கட்டில் ஓரத்தில் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்த வாசனை... எனக்குத் தெரியல. நான் தைலம் தடவியிருந்தேன். தினமும்."

"தைலம் வாசனை எனக்கு மொத நாளே வந்துச்சும்மா. உனக்குத் தீராத தலைவலி போலன்னு நெனச்சேன். நேத்துகூட உனக்காக வேண்டிக்கிட்டேன்."

குத்திக்காட்டுகிறாளா என்று சீச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. வடிகால் முடியும் தலையணை நகமும் தராத குமட்டலை அந்த ஒரு பேச்சு தந்தது. இந்த முறை அருவருப்பு வெளியிலிருந்து வரவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மூக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தொட்டியடியில் நின்றாள். காற்றை ஒரேயடியாகத் திறந்துவிடவும் முடியாது. நுரை பொங்கி, அடியில் படிய வேண்டியதெல்லாம் சிதறிவிடும். கொஞ்சம் திறந்து, முகர்ந்து, பொறுத்து, மறுபடி முகர வேண்டும். முதல் குவளையிலேயே அழுகிய முட்டை தொண்டைக்குள் இறங்கியது. இரண்டாவதில் வாந்தி எடுத்தாள். பெரியக்கா அவள் கூந்தலைப் பின்னால் பிடித்துக்கொண்டு, தன் கழுத்துத் துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். அந்தத் துண்டில் வியர்வை, காலுறையின் புளிப்பு, விடுதிச் சோப்பு எல்லாம் கலந்து அடித்தது. சீச்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"என்ன வருது? முட்டைதானா?"

"முட்டை. ஆனா காலைல இருந்ததைவிடக் கம்மி. கூடவே வேற ஏதோ... முட்டைக்கோஸ் வெந்த மாதிரி."

"சரி, வால்வைத் தொடாம விடுறேன். நீ போய்க் கொஞ்சம் உக்காரு."

"இல்லக்கா. உக்காந்தா மூக்கு மறந்துடும்."

முட்டை முட்டைக்கோஸானது, முட்டைக்கோஸ் ஈரச் சாக்கானது. ஒவ்வொன்றும் அருவருப்புத்தான். ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலம் எல்லாவற்றையும் நாற்றம் என்ற ஒரே மூட்டையில் கட்டி எறிந்திருக்கிறாள். மூக்கைக் கொடுத்தவன் அதைச் சுளிப்பதற்கு மட்டுமா கொடுத்திருப்பான்?

வெயில் தாழும்போது குவளையை முகர்ந்தவளுக்கு மண் வாசனை எட்டியது. பிறகு அதைப் பெரியக்காவிடம் நீட்டினாள். பெரியக்கா முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூக்கு வாத்தியார் வந்து நீளமாக மூச்சை இழுத்தார். "இன்னும் லேசா சாக்கு இருக்கு. ராத்திரிக்குள்ள போயிடும். நாளையிலேருந்து உங்களுக்கு மீட்டர் தர்றேன்." மீட்டர் கிடைத்தால் தேறிய மாதிரி. பெரியக்கா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"சார், அடுத்த லீவுக்கு இந்த மாதிரிப் படிப்பு வேற எங்கயாவது இருக்கா?" என்றாள் சீச்சி.

"தோல் பதனிடுற எடத்துல ஒண்ணு இருக்கு. வேற நாடு. நாத்தத்துக்குப் பயந்து யாரும் பேர் குடுக்க மாட்டேங்குறாங்க."

"எம்பேரை எழுதிக்குங்க."

விடுதிக்குத் திரும்பும் வழி அவள் தினமும் நடந்ததுதான். ஆனால் முகமூடியும் தைலமும் இல்லாமல் இன்றுதான் நடந்தாள். அடுமனையின் கருகிய மாவு, சலவைக்கடையின் ஆவி, மரக்கடை வாசலில் நனைந்த தூள், மூத்திரச் சந்து, டீசல், யாரோ வீட்டில் வெங்காயம் தாளிக்கும் புகை. விமானம் ஏறி வந்து இவ்வளவு நாளாகியும் இந்த ஊருக்குள் அவள் வந்திருக்கவே இல்லை. இன்றுதான் வந்து சேர்ந்தாள். மற்ற ஊர்களெல்லாம் என்ன வாசனை அடிக்கும் என்று நினைத்தபோது பசி மாதிரி ஒன்று வயிற்றைக் கிள்ளியது.

முச்சந்தியில் நின்றுவிட்டாள்.

"என்னடி, மறுபடி கொமட்டுதா?" என்றாள் பெரியக்கா.

"இல்லக்கா. அந்தப் பக்கத் தெருவுல ஏதோ பயங்கரமா நாறுது. வாங்க, என்னன்னு பாத்துட்டுப் போவோம்."