ஐம்பது காலடி

ஆலங்கரைப்பட்டி அம்பலகாரர் நல்லகாமன் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு வந்திருந்தவர்களும் அவரவர் இருந்த இடமும் இப்படி:

மதுரை வக்கீலும் தாலுகா போர்டு மெம்பருமான ஹாலாஸ்யம், கைவைத்த நாற்காலியில், கிழக்கே பார்த்து. அவருக்கு வலப்பக்கம், பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த பெஞ்சில், அம்பலகாரர் நல்லகாமன். அதே பெஞ்சின் மறுகோடியில் கோயில் பூசாரி தவசி. இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு காலி. கீழே ஜமுக்காளத்தில் ஊரார் பதினெட்டுப் பேர். தெற்குச் சன்னலோரம், எழுதுவதற்காக, ஸ்டூலில் தலைமை வாத்தியார் விஸ்வேஸ்வரன். உள்கட்டுக் கதவுக்குப் பின்னால், வளையல் சத்தம் மட்டும் கேட்கும்படி, நல்லகாமன் மனைவி முத்துத்தாய். வாசலையும் தெருவையும் தாண்டி, வேப்பமரத்துக்குக் கீழே, பாதி வெயிலும் பாதி நிழலுமாக, கீழக்குடியிருப்புப் பேச்சிமுத்துவும் அவனோடு பதினொரு பேரும், நின்றபடி.

இந்த இடங்கள் சும்மா அமையவில்லை. அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு அமைந்தவை.

"பெஞ்சுல நான் ஒருத்தன்தேன் உக்காருவேன்" என்று நல்லகாமன் முதலில் சொல்லிவிட்டார். "பூசாரிக்கு ஜமுக்காளம் போட்டிருக்குல்ல?"

"ஜமுக்காளத்துல ஒம்ம மச்சினனை உக்காரச் சொல்லும்" என்றார் தவசி, துண்டை உதறியபடி. "சாமிக்குப் பூச வைக்கிறவன் கீழ, நீரு மேலயா? வாரேன், நான் கெளம்புறேன்."

கதவுக்குப் பின்னால் வளையல் ஒரு தரம் குலுங்கியது. விருந்தாளி வீட்டுக்குள் நிற்கும்போது புருஷன் தொண்டையைத் திறப்பது முத்துத்தாய்க்குப் பிடிக்காது. ஹாலாஸ்யம் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பெஞ்சின் இரண்டு கோடிகள் என்று முடிவானது.

"அது கெடக்கட்டும். வாத்தியாரய்யா, யாரு யாரு எங்கெங்க இருந்தாகன்னு ஒண்ணுவிடாம எழுதணும்" என்றார் நல்லகாமன். "போன வருசம் ரோட்டுக் கூட்டத்துல என் பேரு மூணாவதா வந்துருச்சு. நான் என்னமோ தரையில உக்காந்த மாதிரி."

"எழுதட்டும்" என்றார் தவசியும். "நானும் பெஞ்சுலதேன் உக்காந்தேன்னு எழுதட்டும்."

விஸ்வேஸ்வரன் தலையசைத்துவிட்டுக் காகிதத்தின் மேல் தேதி போட்டார். 1929, மாசி மாதம். எழுதுவது அவருக்குக் கை பழகிப்போன வேலை. பதினான்கு வருஷ வாத்தியார் வேலையில் இப்படிப் பதினொரு கூட்டங்களுக்கு எழுதியிருக்கிறார். பதினொன்றிலும் கடைசி வரி 'ஏகமனதாக' என்றுதான் முடிந்தது. அதை எழுதும்போது கசந்ததும் இல்லை, இனித்ததும் இல்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கூரைக் கொட்டகையாக இருந்த பள்ளிக்கு ஓட்டுக் கட்டடம் கட்டித்தரப் போர்டு முன்வந்திருந்தது. தாலுகா முழுவதும் ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் பத்தில் ஒன்றுகூட ஐந்தாம் வகுப்பைத் தொடவில்லை, ஆகவே இடம், நேரம், தேர்ச்சி இவை பற்றி ஊரார் கருத்தைக் கேட்டு எழுதி அனுப்பவும் என்று சர்க்குலர் வந்திருந்தது. அதில் ஏழு இனங்கள், அதாவது ஏழு கேள்விகள். ஹாலாஸ்யம் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பிள்ளைகள் தேறாததற்குக் காரணம் என்ன?"

"வாத்தியாரு அடிக்கிறதில்லீங்க" என்றார் ஜமுக்காளத்திலிருந்து விருமாண்டி. "பெறகு எப்பிடிப் படிப்பு ஏறும்?"

"ஒன்னிய அடிச்சாகளே, ஏறுச்சாப்பா?" என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது.

"கடல பறிக்கிற மாசம் லீவு விடணும்" என்றார் இன்னொருவர். அதையும் விஸ்வேஸ்வரன் எழுதிக்கொண்டார்.

இடம் என்கிற நான்காவது இனத்துக்கு வந்தபோது பெஞ்சின் இரண்டு கோடிகளும் ஒரே குரலில் பேசின. கோயில் மதிலுக்குள் இருக்கும் பழைய மண்டபத்தை ஒட்டிக் கட்டடம் எழுப்ப வேண்டும். நிழல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, சாமி பார்வையும் இருக்கிறது.

ஆறாவது இனத்தை முடித்த ஹாலாஸ்யம் காகிதத்தை மடித்தார். "ஏழாவது ஆபீஸ் சம்பிரதாயம். அதை நீரே பூர்த்தி பண்ணிடும், ஓய்."

விஸ்வேஸ்வரன் ஏழாவதை முந்தின நாளே படித்திருந்தார். இத்தகைய கூட்டம் எல்லா வகுப்பாரும் வந்து உட்காரக்கூடிய இடத்தில் நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்று எழுதவும். நடக்காவிட்டால் ஊர்த் தீர்மானம் செல்லாது. போர்டே கிராமப் புறம்போக்கில் இடம் குறித்துக்கொள்ளும்.

"அந்த ஜனங்களையும் கேட்டதா ஒரு வார்த்தை இருக்கட்டும்" என்றார் ஹாலாஸ்யம்.

நல்லகாமன் தலையாரி மருதுவைக் கூப்பிட்டார். மருது வாசற்படியில் நின்று, வாயைக் கைகளால் குவித்துக் கத்தினான். "ஏ பேச்சிமுத்து! பள்ளிக்கூடம் கோயிலுக்குள்ள வருதாம்! என்னப்பா சொல்றீக?"

காற்று தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. பேச்சிமுத்து சொன்னது சன்னலோரம் இருந்த விஸ்வேஸ்வரனுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"சாமி, கம்மாக்கரைப் புறம்போக்குல வைக்கச் சொல்லுங்க. அங்கன எல்லாரும் நடக்கலாம். எம்மக ராமக்காளு மூணாப்பு வந்துருச்சு. நாலு வருசமா சன்னலுக்கு வெளிய சாக்கு விரிச்சு உக்காந்துதேன் படிக்குது. எங்க பக்கத்துல அதுக்கு மேல எழுத்து தெரிஞ்ச ஆளு இல்ல. கோயிலு மதிலுக்குள்ள போயிட்டா எங்களுக்குச் சன்னலு ஏது சாமி? கோயிலுத் தெருவே எங்களுக்குக் கெடையாதே. உள்ள உக்கார வைக்கச் சொல்லிக் கேக்கல. சன்னலு ஒண்ணு இருந்தாப் போதும்."

மருது கூடத்துக்குள் திரும்பினான். "அய்யாமாரு சொல்றதுதேன் எங்களுக்கும்னு சொல்றானுங்க."

விஸ்வேஸ்வரன் பேனாவை எடுக்காமல் கேட்டார். "அவ்வளவுதான் சொன்னானா, மருது?"

"அம்புட்டுத்தேன் வாத்தியாரய்யா. மத்ததெல்லாம் சும்மா பொலம்பல்."

"அப்போ ஏகமனதாக" என்றார் ஹாலாஸ்யம், எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி. உசிலம்பட்டியில் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வண்டி பூட்டியாயிற்று. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் வண்டி போகும் வரை நின்று, பிறகு கலைந்தார்கள்.

எல்லோரும் போன பின்பு விஸ்வேஸ்வரன் நல்லகாமன் வாசலிலிருந்து வேப்பமரம் வரை நடந்தார். நாற்பத்திரண்டு காலடி. திரும்பி வரும்போதும் எண்ணினார். நாற்பத்திரண்டுதான். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுதச் சொன்னால் அளந்து எழுதுவது வழக்கம், அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். முதல் பக்கம் முழுவதும் இருக்கை விவரம். நல்லகாமன் சொன்னபடி ஒன்றும் விடவில்லை. எழுதி முடித்து, கடைசிப் பக்கத்துக்குப் போய், 'ஏகமனதாக' என்று எழுதப் பேனாவை மையில் தோய்த்தார். பேனா காயும் வரை கையில் பிடித்தபடி இருந்தார்.

"ஏன்னா, இன்னும் முடியலையா?" சாவித்ரி சமையல் உள்ளிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எப்பவும் எழுதற ஒரு வரிதானே."

"ஆமா."

"எழுதிட்டு வந்து சாப்பிடுங்கோ." பிறகு காகிதத்தைப் பார்த்தாள். அவளும் படித்தவள். முதல் பக்கத்தின் அடிவரை கண்ணை ஓட்டினாள். "இதென்ன, அவாளையெல்லாம் எழுதியிருக்கேள்? வேண்டாம்னா. திருமங்கலத்துலேர்ந்து உசிலம்பட்டிக்குத் தூக்கிப் போட்டா. உசிலம்பட்டிலேர்ந்து இங்க. இங்கேர்ந்து எங்க போடுவா? இதுக்கு மேல ஊர் இருக்கா?"

"நான் ஒண்ணும் சேர்த்து எழுதலை, சாவித்ரி. இருந்ததைத்தான் எழுதியிருக்கேன்."

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

விஸ்வேஸ்வரன் கடைசிப் பக்கத்தில், பேச்சிமுத்து சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அதன் கீழே மருது சொன்னதையும் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் தன் சொல் எதையும் போடவில்லை. ஏழாவது இனத்தில், 'கூட்டம் எல்லா வகுப்பாரும் வந்து உட்காரக்கூடிய இடத்தில் நடந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே, 'முதல் பக்கத்து இருக்கை விவரம் பார்க்க' என்று எழுதினார்.

மறுநாள் காலையில் கையெழுத்து வாங்கப் போனார். நல்லகாமன் பெஞ்சை இன்னும் பள்ளிக்குத் திருப்பி அனுப்பவில்லை. அதன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தவசியும் வந்திருந்தார், நின்றுகொண்டு.

"படியும், கேப்போம்" என்றார் நல்லகாமன்.

விஸ்வேஸ்வரன் படித்தார். கைவைத்த நாற்காலி வந்தது. பெஞ்சு வந்தது. 'அம்பலகாரர் நல்லகாமன்' என்று இரண்டாவதாகத் தன் பெயர் வந்தபோது நல்லகாமன் மீசையைத் தடவிக்கொண்டார். 'அதே பெஞ்சின்' என்ற இடத்தில் தவசி, "ஆங்" என்றார்.

'உள்கட்டுக் கதவுக்குப் பின்னால் முத்துத்தாய், நின்றபடி' என்றதும் நல்லகாமன் கையை நீட்டினார். "என்னய்யா இது? வீட்டுப் பொம்பளையச் சர்க்காருக்கு எழுதுவாகளா? அடியும், அடியும்."

விஸ்வேஸ்வரன் ஒரு கோடு இழுத்து அடித்தார். உள்ளே வளையல் சத்தம் இல்லை.

அடுத்த வரி. 'தெருவுக்கு அப்பால், வாசலிலிருந்து நாற்பத்திரண்டு காலடி தள்ளி, வேப்பமரத்தடியில், கீழக்குடியிருப்புப் பேச்சிமுத்துவும் பதினொரு பேரும், நின்றபடி. கூடத்துக்குள் வரவில்லை, வர அனுமதி இல்லை.'

நல்லகாமன் நெற்றியைச் சுருக்கினார். "இவனுக பேரு எதுக்கு இதுல?"

"ஒண்ணுவிடாம எழுதச் சொன்னீங்க. அதையும் அடிச்சிடட்டுமா?"

நல்லகாமன் யோசித்தார். விஸ்வேஸ்வரன் பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடி என்றால் அடித்திருப்பார். அதில் அவருக்கு ஐயமில்லை.

"எத்தன காலடின்னு படிச்சீரு?"

"நாற்பத்திரண்டு."

"நாப்பத்திரண்டா?" நல்லகாமன் பெஞ்சிலிருந்து காலைக் கீழே போட்டார். "போர்டு ஆபீசுல நாலு பேரு படிக்கிறது. ஆலங்கரைப்பட்டி அம்புட்டுக்குக் கெட்டுப்போச்சா? எங்கய்யா காலத்துல இருந்து அம்பது காலடி. அதுக்கு ஒரு அடி உள்ள வந்ததில்ல ஒருத்தனும்."

"அம்பதுதேன்" என்றார் தவசி. "மேல இருக்குமே தவிர கொறையாது."

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக ஒத்துப்போனார்கள்.

"நான் அளந்தது நாற்பத்திரண்டு" என்றார் விஸ்வேஸ்வரன். "ஐம்பதுன்னா, திருத்தி நீங்கதான் பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"கொண்டாரும்."

நல்லகாமன் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாற்பத்திரண்டை அடித்து '50' என்று பெரிதாக எழுதினார். பக்கத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டார். தனக்கும் இடம் வேண்டுமென்று தவசி அதன் கீழே போட்டார்.

"மீதியும் படிக்கட்டுமா?" என்றார் விஸ்வேஸ்வரன்.

"மீதி என்ன? தேர்ச்சி, லீவு, அதானே? நீரு எழுதினாச் சரிதேன். கடைசிக் கையெழுத்து எங்க போடணும், அதக் காட்டும்."

"கடைசிப் பக்கத்தையாவது படிச்சுடறேன்."

"அட, போடுறேன்னு சொல்றேன்ல! காட்டுக்குப் போகணும் நான்."

கடைசிப் பக்கத்திலும் இருவரும் போட்டார்கள்.

வியாழக்கிழமை தபால்காரர் வருகிற நாள். அன்று உச்சிவேளையில் விஸ்வேஸ்வரன் பள்ளிக் கொட்டகையில் மேசைமுன் உட்கார்ந்து அரக்கை உருக்கினார். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே சாக்கின் மேல் ராமக்காள் மட்டும் இருந்தாள். ஒன்பது வயது. வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"சாமி, என்னமோ கருகுது" என்றாள்.

"அரக்கு. கடிதத்துக்கு."

"அதுல என்ன சாமி எழுதிருக்கு?"

"யார் எங்க இருந்தாங்கன்னு."

அவளுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள். பல்பம் தேய்ந்து நகம் அளவுக்கு வந்திருந்தது. விஸ்வேஸ்வரன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பல்பம் எடுத்து, சன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவர் கை நீண்டபடி இருந்தது. அவள் பல்பத்தையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக அவர் சன்னல் கட்டையில் வைப்பார். கையை உள்ளே இழுத்த பிறகு அவள் எடுத்துக்கொள்வாள். அப்படித்தான் அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். எழுத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தது அது.

"கட்டையில வைங்க சாமி" என்றாள் ராமக்காள், மெதுவாக, அவருக்கு மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறவள் போல.

அவர் வைத்தார். கையை இழுத்துக்கொண்டார். அவள் எடுத்துக்கொண்டாள்.

விஸ்வேஸ்வரன் உறையை மடித்து, மடிப்பின் மேல் அரக்கைச் சொட்டவிட்டு, அது இறுகுவதற்கு முன் பள்ளி முத்திரையை அழுத்தினார். வாசலில் தபால்காரரின் குரல் கேட்டது. எழுந்து போய்க் கடிதத்தைக் கொடுத்தார். தபால்காரர் முத்திரையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சூடா இருக்கே வாத்தியாரே. ஆறட்டுமா?"

"வேண்டாம்" என்றார் விஸ்வேஸ்வரன். "கொண்டுபோங்க."