இரண்டு பேஸில் ஓடாத பெட்டி

அருள்சாமி செய்த பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனை வதைத்தது.

கிணற்று மோட்டார் எரியாமல் காக்கும் பெட்டி அது. மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்று போனாலும் உள்ளே இருக்கும் சிப் மோட்டாரை நிறுத்திவிடும். எந்த சிப், கரண்டை எப்படி அளப்பது, எவ்வளவு பொறுத்து நிறுத்துவது என்று ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தான். விலையிலும் வேலையிலும் இன்னொன்றிடம் தோற்ற அமைப்பை இரக்கமில்லாமல் தள்ளினான். மிஞ்சியதை, பாப்பாரப்பட்டிப் பக்கம் மாதேஸின் கிணற்றில் சோதனைக்கு மாட்டினான்.

அந்தக் கோடையில் பெரும்பாலும் இரண்டு பேஸ்தான் வந்தது. மற்ற தோட்டங்களில், வராத பேஸுக்கு ஈடாகக் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டினார்கள். மாதேஸின் மோட்டாரைப் பெட்டி ஓட விடவில்லை. தக்காளி வாடப் பொறுக்காமல், பெட்டியைத் தாண்டி ஒயர் இழுக்கப் போனான் மாதேஸ். ஈரக் கை. பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அருள்சாமி வேலை செய்யும் பட்டறையின் முதலாளி ஞானராஜ் சொன்னார்: "பெட்டி அது வேலையத்தானப்பா செஞ்சுது? நாளைக்கு லாரி வருது, செஞ்சு வெச்ச பெட்டிங்கள ஏத்திரு."

அருள்சாமி மாதேஸின் மனைவி சின்னக்காவைப் பார்க்கப் போனான். அவள் அழவில்லை.

"மோட்டாரு எரிஞ்சா புதுசாக் கம்பிக் காயில் கட்டிக்கலாமுங்க. பயிரு போனா என்னத்தக் கட்டறது? மாட்டறப்ப எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இரண்டு பேஸில் ஓடவிடும் அமைப்பு எதையும் அவன் சோதிக்கவே இல்லை. மோட்டாருக்குக் கெடுதி என்று தொடங்கும் முன்பே ஒதுக்கிவிட்டான். மோட்டாரை எடைபோட்டவன், அதன் முன்னே தவித்து நிற்கும் ஆளை எடைபோட மறந்திருந்தான்.

காலையில் லாரி வந்து நின்றது.

"ஏத்த வேண்டாங்கண்ணே," என்றான் அருள்சாமி. "ரெண்டு பேஸ்லயும் மோட்டாரு சூடு பாத்து ஓட்டற மாதிரி, மொதல்ல இருந்து திரும்பப் பாக்கணும்."

"ஆர்டரு போயிருமேப்பா. பெரிய மகானாட்டம் பேசாத."

"இந்தப் பெட்டி போனா இன்னொரு ஆளு ஒயர்ல கை வெப்பானுங்க."

ஞானராஜ் ஆர்டர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு டிரைவரிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது.

அருள்சாமி கட்டிவைத்த முதல் பெட்டியை இறக்கி, திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான்.