ஒரு முழத்துக்குக் கீழே

சுதர்சனத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை காபி டம்ளரும் கையுமாகப் போனைப் பார்த்தவருக்கு வழுக்கை வரைக்கும் சிவந்துவிட்டது.

"படுபாவி! போட்டுட்டான்! நாலாம் நம்பர்ல போட்டுட்டான்!"

போட்டவன் ஜெஃப்ரி. நாசரேத்துக்காரன், முத்தையாபுரத்தில் குடியிருந்து துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்ப்பவன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் நடக்கிற கிறுக்கு அவனுக்கும் உண்டு, சுதர்சனத்துக்கும் உண்டு. அவன் போட்டிருந்த பதிவின் தலைப்பு இது: 'பொதிகைக்கு டிக்கெட் கிடைக்கலையா? விடுங்க! நம்ம கடற்கரையில பை தூக்கி நடக்க ஏழு இடம்.'

பொதிகை மலைக்கு மூன்று நாள் நடை. வனத்துறை தருகிற டிக்கெட்டுக்காக ஊர் உலகமே கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடக்கும். கிடக்கட்டுமே! அத்தனை பேரும் அந்த மலையிலேயே போய் முட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சுதர்சனம் இருபது வருஷமாக நிம்மதியாக இருந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருப்பேரைக்காரர். லீவு கிடைத்த நாளெல்லாம் மணப்பாட்டிலிருந்து வேம்பார் வரை கரையோரமாகவே நடந்து, ஒவ்வொரு இடமாகக் கண்டுபிடித்தவர். அதில் நாலாம் நம்பரில் இருந்ததுதான் அவருடைய உயிர்.

கீழவைப்பாருக்கும் வேம்பாருக்கும் நடுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, உப்பள வரப்பில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஒரு மணல்மேடு. மேலே ஏழெட்டு உடைமரம். முன்னால் கடல். மனுஷ வாடையே கிடையாது, ஆடு மேய்க்கும் செல்லக்கனியின் குடிசை ஒன்றைத் தவிர. மேட்டின் அடிவாரத்தில் ஒரு ஊற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படியொரு இனிப்புத் தண்ணீர்! அங்கே ஜெஃப்ரியை மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனது யார்? இவர்தான். 'யார்ட்டயும் சொல்லாதே' என்று சொன்னாரா இல்லையா? சொன்னார். சொல்லியும் போட்டுவிட்டான்.

உடனே போன் அடித்தார்.

"ஏல, உனக்கு வெக்கமா இல்ல? நான் காட்டின இடத்தக் கூவிக் கூவி விக்கியா?"

"சார், காலங்காத்தால ஏன் சார் கத்துதீங்க? நாலு பேரு பாக்கட்டுமே. முழுசா வாசிச்சுப் பாத்தீங்களா?"

"வாசிச்சு வேற கிழிக்கணுமா? நாலாம் நம்பரப் பார்த்ததோட போதும்!"

"வார சனிக்கெழம முப்பது பேரக் கூட்டிட்டு நாலாம் நம்பருக்குத்தான் போறேன். நீங்களும் வாங்க."

முப்பது பேர்! போனைச் சோபாவில் விட்டெறிந்தார்.

அடுக்களையிலிருந்து செங்கமலவல்லி எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன மனைவி. "ஏன்னா, அந்த மணல்மேட்டுக்கு உங்க பேர்ல பட்டாவா போட்டிருக்கு?" என்றாள்.

அடுத்த நாலு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது பேர் வந்து கூடாரம் அடிப்பார்கள், பாட்டுப் போடுவார்கள், சிப்ஸ் கவரைப் பறக்கவிடுவார்கள், போட்டோ போடுவார்கள். அடுத்த வாரம் அறுபது பேர் வருவார்கள். அப்புறம் பஜ்ஜிக் கடை வரும். எப்படியாவது இந்தச் சனிக்கிழமையே அத்தனை பேரும் வெறுத்துப்போய்த் திரும்பி ஓட வேண்டும். அந்த மேட்டுக்கு ஈ காக்கைகூட வரக்கூடாது. எப்படி? எப்படி? வெள்ளிக்கிழமை குளித்துக்கொண்டிருந்தபோது தலையில் விழுந்த தண்ணீரோடு யோசனையும் வந்து விழுந்தது. ஊற்று.

அந்த ஊற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு முழம்தான் தோண்டலாம். சிரட்டையால் மெதுவாக மோந்துவிட்டு, பனையோலையைப் போட்டு மூடிவிட வேண்டும். முதல் தடவை அவர் அங்கே போனபோது, ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த செல்லக்கனி ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டாள். "ஆழமாத் தோண்டிராதீக சாமி! மேல நிக்கதுதான் மழத்தண்ணி. அதுக்குக் கீழ கறுப்புச் சேறு. அதக் கிண்டி விட்டா உப்பு ஏறிரும். பொறவு ஐப்பசி மழ பெஞ்சாத்தான் வாயில வைக்க முடியும்." அதற்கப்புறம் அவர் எப்போது போனாலும் அவளே தண்ணீர் ஊற்றுவாள். அடுத்தவர் பாத்திரத்தில் சுதர்சனம் வாய் வைக்க மாட்டார். ஆசாரமோ பழக்கமோ, இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றுவாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது குடிசைக் கதவு சாத்தியிருந்தது. செல்லக்கனி ஆடுகளோடு எங்கோ போயிருந்தாள். வசதியாகப் போயிற்று. பையிலிருந்து சின்ன மண்வெட்டியை எடுத்தார். காட்டில் காலைக்கடனுக்குக் குழி தோண்ட வைத்திருப்பது. பனையோலையைத் தூக்கி வீசிவிட்டு ஊற்றுக்குள் இறங்கினார்.

செல்லக்கனியின் ஞாபகம் வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. இது பங்குனி. ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாதம் என்று கணக்கு வாத்தியாருக்கு விரல்விடாமலே தெரியும். 'ஊருக்குள்ள குழாய் இருக்கு, எடுத்துக்குவா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாயடிக்குப் போய்வர ஆறு கிலோமீட்டர் என்பதும் தெரியும். தெரிந்தேதான் வெட்டினார். இரண்டு முழம், மூன்று முழம். மண்வெட்டி வழுக்கி விழ, கையாலேயே அள்ளி அள்ளி வெளியே போட்டார். கறுப்புச் சேறு அழுகல் நாற்றத்தோடு வந்தது. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கரித்தது. "வாங்கடா, வாங்க! வந்து குடிங்க!" என்று வாய்விட்டே சொன்னார்.

கடலில் கையைக் கழுவிவிட்டு, உடைமர நிழலில் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முப்பது பேரும் உப்பள வரப்பில் வரிசையாக வந்தார்கள். சுதர்சனம் எழுந்து நின்று பார்த்தார். முதுகில் பை இருந்தது. அதோடு ஆளுக்கொரு தண்ணீர் கேனும் கையில் இருந்தது.

"வந்துட்டீங்களா சார்!" என்று சிரித்துக்கொண்டே வந்தான் ஜெஃப்ரி.

"எதுக்கு இத்தன கேன்?" என்றார்.

"அப்போ நீங்க கடேசி வரைக்கும் வாசிக்கவே இல்ல." போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். நாலாம் நம்பருக்குக் கீழே தடித்த எழுத்தில் இருந்தது: 'இங்குள்ள ஊற்றை யாரும் தொடக்கூடாது. அது அங்கே குடியிருக்கும் அக்காவுடையது. குடிக்க, சமைக்க, கழுவ, எல்லாத் தண்ணீரையும் நீங்களே சுமந்து வர வேண்டும். குப்பையைத் திரும்பத் தூக்கிப் போக வேண்டும். முடியாதவர்கள் வர வேண்டாம்.'

சுதர்சனம் அதை இரண்டு தடவை வாசித்தார். அதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"அய்யய்யோ! எந்தப் பாவி செஞ்ச வேல இது?"

செல்லக்கனிதான். ஊற்றருகே நின்றவள் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துத் தூவென்று துப்பினாள். ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்றன. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து வந்தாள்.

"ஏலே, ஒங்களுக்கு இங்கன என்னல சோலி? கண்டவனையும் கூட்டிட்டு வந்து ஊத்தக் கெடுத்துட்டீயளே, நல்லா இருப்பீயளா? பதினாலு ஆட்டுக்கும் எனக்கும் நான் எங்கன போயிச் சொமப்பேன்?"

"அக்கா, நாங்க இப்பத்தான் வாரோம். தொடவே இல்லக்கா" என்றான் ஜெஃப்ரி.

"பின்ன ஆரு வந்து தோண்டுனா, கடல்ல கெடக்க மீனா?"

சுதர்சனம் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மூடவில்லை. "கூட்டத்தக் கூட்டினா இதுதான் நடக்கும்னு நான் தலைபாடா அடிச்சுண்டேன். கேட்டானா இவன்?" என்றார். தன் குரல் அத்தனை தெளிவாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

ஜெஃப்ரி அவரைப் பார்த்தான். சேறு உலர்ந்து வெளுத்திருந்த முழங்காலைப் பார்த்தான். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மண்வெட்டிப் பிடியைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் கேனை அக்கா குடிசைல எறக்கி வையுங்க. வழிக்கு ஒரு பாட்டில் போதும். கெளம்புதோம்" என்றான். சிலர் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் முப்பது கேனும் குடிசை வாசலில் வரிசையாக இறங்கின.

போகிற போக்கில் அவர் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "பதிவுலருந்து எடுத்துருதேன் சார். எடம் ஒங்களுக்கே. நல்லா வச்சுக்கோங்க" என்றான். அந்த மரியாதையைக் கேட்பதற்குக் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது சுதர்சனத்துக்கு.

வரப்பில் அந்த வரிசை சின்னதாகிக் கண்ணுக்கு மறைந்தது. நினைத்தது நடந்துவிட்டது. ஈ காக்கை இல்லை. கடல் இருந்தது, உடைமரம் இருந்தது, அவர் இருந்தார்.

செல்லக்கனி மூக்கைச் சிந்திவிட்டுக் குடிசைக்குள் போனாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெயில்ல நடந்து வந்திருக்கீக சாமி, இருங்க. நேத்து மோந்த தண்ணி. இதுதான் கடேசி. கேன் தண்ணியில மருந்து வாட அடிக்கும், ஒங்களுக்கு ஆகாது. அவனுவ செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீக? கையப் பிடிங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். இருபது வருஷப் பழக்கம், அவர் சொல்லாமலே இரண்டு கையும் சேர்ந்து முன்னால் நீண்டன.

அவள் குடத்தைச் சாய்த்தாள். இரண்டு சொட்டு விழுந்ததும் நிறுத்திவிட்டாள்.

கடல் தண்ணீர் உள்ளங்கையைத்தான் கழுவியிருந்தது. பத்து நகக்கண்ணிலும் கறுப்புச் சேறு அப்படியே இருந்தது. விரல் இடுக்கில், ரேகைகளில், மணிக்கட்டு மடிப்பில் எல்லாம் இருந்தது. அந்தக் கரையில் அந்தச் சேறு ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு என்று இருவருக்கும் தெரியும்.

செல்லக்கனி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைத்து, வாயை ஓலையால் மூடினாள்.

"ஒம்ம எடத்துல ஒம்ம தண்ணி கெடக்கு வேய்," என்றாள். "போயி அதக் குடியும்."