மூன்றாம் ஓலை

1

இந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கியது. கறுப்பின விடுதலை இயக்கத்தில் ஒரு பெண், அதே இயக்கத்தில் அவள் காதலன். நான்கு பக்கம் எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில் அவளுக்குப் பசித்தது. என்ன சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. கிழித்துப் போட்டேன்.

அவளுக்குப் பதில் ரோஸ்மேரி. இவளுக்குப் பசித்தால் கேழ்வரகுக் கூழ். அது தெரியும். ஆகவே செஞ்சி, 1968 பிப்ரவரி.

2

செஞ்சிக் கோட்டையின் நிழலில் ஒரு

[வேண்டாம். அவள் கோட்டையில் ஏறியதே இல்லை. அவளுக்கு அது பகல் வெயிலைச் சேர்த்து வைத்துச் சாயங்காலம் திருப்பித் தரும் பாறை.]

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். மாதா கோயிலுக்குள் குறுக்கே ஒரு கம்பிக் கிராதி. நடுக்கூடத்துப் பெஞ்சு ஊர்த்தெருக்காரர்களுக்கு, பக்கக்கூடத்துத் தரை சேரிக்காரர்களுக்கு. கிராதியைத் தாண்டி நடுவில் உட்காரச் சேரியின் விடுதலைச் சங்கம் முடிவு செய்தது. நாள் குறித்தவன் செயலாளர் இருதயநாதன், ரோஸ்மேரி கட்டிக்கொள்ளப் போகிறவன். அறுப்பு முடிந்து எல்லோரும் ஊரில் இருக்கும் ஞாயிறாகப் பார்த்துக் குறித்தான். தன்னுடைய மூன்றாம் ஓலையும் அன்றைக்குத்தான் என்பதை மறந்துவிட்டான்.

(தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்பார். அதுதான் ஓலை. மூன்றும் வாசித்தால்தான் தாலி. கல்யாணம் அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது.)

ரோஸ்மேரியின் நைனா சொல்லிவிட்டார்: "ஈஸ்டர் வரைக்கும் இவன் எங்க வெளிய இருக்கப் போறான்? ஜெயில்லதான் இருப்பான். செவ்வாக்கெழம நடக்கலன்னா பொண்ணு கெடையாது."

3

இருதயநாதன் மேல் எனக்குச் சந்தேகம். கூட்டத்தில் நெருப்பாகப் பேசியவன், சனிக்கிழமை வந்து இப்படிச் சொல்கிறான்:

"நீ மட்டும் பக்கக்கூடத்துலயே இரு, ரோசு. நாங்க தாண்டறோம். உன்னப் பாத்தாவது சாமியார் ஓலைய வாசிப்பாரு."

"யோவ் செயலாளரே, நோட்டீஸ்ல பெண்களே திரண்டு வாரீர்னு எழுதுனது யாரு?"

"நான்தான். அது பொதுவா எழுதனது."

"நான் பொதுவுல இல்லியா?"

"நைனா உன்னக் குடுக்க மாட்டாரு."

"தேதி குறிக்கறப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அவன் தலையைச் சொறிந்தான். அவன் பயம் போலியில்லை. அவளுக்கும் அதே பயம். அதனால்தான் அவனைக் கதையில் வைத்துக்கொள்கிறேன்.

4

முடிவு ஒன்று: போலீஸ், தடியடி, அவள் நெற்றியில் [இந்த வரியை அடித்துவிட்டேன். அவளை அடி வாங்க வைத்தால் எனக்கு வேலை சுலபம்.]

முடிவு இரண்டு: சாமியார் மனம் மாறி, கண்ணீருடன் [இல்லை.]

முடிவு மூன்று. ரோஸ்மேரி முதலில் தாண்டினாள். பின்னால் பக்கத்து வீட்டு அருளம்மாள், பிறகு ஏழெட்டுப் பெண்கள், ஆண்கள். நடுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள், கடைசிக் குழந்தைவரை. கதவு அறைந்து மூடிக்கொண்டது.

சாமியார் பூசையை நிறுத்தவில்லை. ஓலை வாசிக்கும் இடம் வந்ததும் கதவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வாசித்தார். இரண்டு பெயரும் சரியாக விழுந்தன.

"தடை அறிந்தவர் யாராவது உண்டா?"

தடை சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் வெளியே கோபத்தில் நின்றார்கள்.

ரோஸ்மேரிக்கு உடம்பே லேசானது. திரும்பிப் பார்த்தாள். இருதயநாதன் இன்னும் கிராதியிலேயே இருந்தான், வேட்டி கம்பியில் மாட்டி.

"கிழிச்சுக்கினு வாய்யா," என்றாள் அருளம்மாள். "செவ்வாக்கெழம புதுசு கட்டப் போறல்ல."

ரோஸ்மேரி சிரித்தாள், கோயில் என்று பார்க்காமல்.

5

கதவுக்கு வெளியே அவர்கள் காத்திருக்கிறார்கள். என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை. அவள் அந்தப் பெஞ்சில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கதவு உங்கள் பக்கம் இருக்கிறது. திறப்பதென்றால் நீங்கள் திறந்துகொள்ளுங்கள். அவசரமில்லை, பூசை இன்னும் முடியவில்லை.