பந்தல் சரிந்த மத்தியானம்

திருமலைராயன்பட்டினத்தில் கல்யாணப் பந்தல் சரிந்துவிட்டது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று ஆம்புலன்ஸிலிருந்து போன் வந்தபோது, டாக்டர் சிவப்ரியா தயிர்சாத டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள். மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

காரைக்காலில் அந்தச் சின்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவள் பொறுப்பேற்று அதிக நாள் ஆகவில்லை. கெட்டிக்காரிதான். ஆனால் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தால்தான் அவளுக்கு நிம்மதி. சுற்றி நிற்பவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது சரிப்படாது என்று அவளுக்கே தோன்றியதால், வாராவாரம் ஒரு ஒத்திகை ஆரம்பித்தாள். கட்டிலில் தலையணைதான் நோயாளி. வேலை சொல்லும்போது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாக எதுவும் தெரிந்தால், யாராக இருந்தாலும் 'நிறுத்துங்க' என்று சொல்லலாம்.

"தலகாணிக்கு பிரஷர் எவ்வளவுன்னு எழுதட்டும் டாக்டர்?" என்று மூத்த நர்ஸ் அஞ்சுகம் கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

இப்போது வாசல் முழுக்கப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் சாம்பார் வாசனையுமாகக் கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. தாலி கட்டி, பந்தி நடக்கும்போது காற்றில் பந்தல் சாய்ந்திருக்கிறது. நிறைய பேருக்குச் சிராய்ப்பு, வீக்கம். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் நெற்றி கிழிந்து, மாலையெல்லாம் ரத்தமாக நின்றான். அவன் அம்மா போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் அவனைச் சூழ்ந்துகொண்டது. சிவப்ரியாவும் அவனை உட்காரவைத்துத் தையல் போடக் குனிந்துவிட்டாள்.

"டாக்டர், நிறுத்துங்க."

அஞ்சுகத்தின் குரல். சுருக்கென்று கோபம் வந்தது சிவப்ரியாவுக்கு. நிமிர்ந்தாள். அஞ்சுகம் கைகாட்டிய மூலையில், பெஞ்சில் சுவரில் சாய்ந்தபடி ஒருவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பெற்றவர், மாரிக்கண்ணு. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா... மாப்பிள்ளைய பாருங்க" என்று ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொன்னார்.

சிவப்ரியா பஞ்சை மணப்பெண் நிலாவின் கையில் கொடுத்து, "நெத்தியில அழுத்திப் புடிச்சுக்கம்மா" என்றுவிட்டு ஓடினாள். பந்தல் கால் நெஞ்சில் விழுந்திருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். "வலது பக்கம் மூச்சுச் சத்தமே இல்ல." விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் கிழித்திருந்தது. கசிந்த காற்று உள்ளேயே அடைபட்டு இதயத்தையும் அழுத்திக்கொண்டிருந்தது. உடனே ஊசியால் அதை வெளியேற்றாவிட்டால் ஆள் பிழைப்பது சிரமம்.

அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் கை ஊசிக்கும் போனது, ஆக்ஸிஜனுக்கும் போனது. கையை வலிய இழுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றாள்.

"இஃபாத், ஆக்ஸிஜன் வைங்க."

"ஆக்ஸிஜன் வைக்கிறேன்" என்றபடி தலைமாட்டிலிருந்த இளம் நர்ஸ் இஃபாத் முகமூடியை மாட்டினான்.

"அஞ்சுகம் சிஸ்டர், பிரஷர் பாத்து சொல்லுங்க."

"பாக்குறேன் டாக்டர். ரொம்ப இறங்கிருக்கு."

"ஹரிஹரன், இடது பக்கம் ஊசி போடுங்க."

"இடது பக்கம் ஊசி..." என்று திருப்பிச் சொன்ன ஜூனியர் டாக்டர் ஹரிஹரன் கையை உயர்த்திவிட்டான்.

"நிறுத்துங்க!" என்றான் இஃபாத். "டாக்டர், வலது பக்கம்னுதானே சொன்னீங்க?"

சிவப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே நின்றதால் அவளுடைய இடதுதான் அவருடைய வலது.

"வலதுதான். அவரோட வலது. நல்லவேளை கேட்டீங்க இஃபாத்."

"வலது பக்கம். போடுறேன்" என்றான் ஹரிஹரன்.

சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் புஸ்ஸென்று ஒரு சத்தம். அதைவிட இனிமையான சங்கீதத்தை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. மாரிக்கண்ணுவின் நெஞ்சு ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அடுத்து நெஞ்சில் குழாய் பொருத்தினார்கள். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்து முகமூடிக்குள்ளிருந்தே கேட்டார்:

"கடைசிப் பந்திக்கு பாயசம் வந்துச்சாம்மா?"

நிலா அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டாள்.

எல்லாருக்கும் கட்டுப் போட்டு முடித்தபின், சிவப்ரியா தன் ஆட்களைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். "நான் இடதுன்னு சொன்னேன்" என்று தானே ஆரம்பித்தாள்.

"கேக்கலாமா வேணாமான்னு பயமா இருந்துச்சு டாக்டர்" என்றான் இஃபாத்.

"கேட்டீங்கள்ல, அதான். இனிமே பக்கம் சொல்றதுக்கு முன்னாடி பேனாவால கோடு போட்டுடுவோம்" என்றாள். சொல்லும்போது மனசு பஞ்சாக லேசாகியிருந்தது. இத்தனை பேர் கூட நிற்கும்போது வேலை இவ்வளவு சுலபமா!

அதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணப் போட்டோகிராபர் வந்து சேர்ந்தார். பெண்ணோட அப்பா இல்லாமல் குடும்பப் படம் எடுக்க முடியாதாம். தலையில் கட்டோடு மாப்பிள்ளை, கலைந்த ஜடையோடு நிலா, குழாயோடு மாரிக்கண்ணு.

"நீங்களும் வாங்க டாக்டர்! எல்லாரும் வாங்க!" என்று மாரிக்கண்ணு கட்டிலில் இருந்தபடியே அதட்டினார். அஞ்சுகம் ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் தள்ளி இடம் காட்டினாள். படத்தில் சிவப்ரியா கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுக்கட்டுங்களா?" என்றார் போட்டோகிராபர்.

"வேணாம். இதுவே நல்லாருக்கு" என்றார் மாரிக்கண்ணு.