எடையில்லாத தீனி

தம்ளர் தண்ணீரில் போட்ட சோளப்பொரிகள் முதலில் மிதந்தன. விரல் நீளம், உள்ளே வெறும் காற்று, மேலே சிவப்பு மசாலாப் பொடி. சற்று நேரத்தில் ஓரங்கள் தளர்ந்து, பொடி நூல்நூலாகக் கழன்று கீழே இறங்கியது. நூர்னிசா அடுப்படித் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கில் வைத்ததும் காணாமல் போகிற இந்தப் பண்டம் எங்கேதான் போகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம். பாதத்தை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ரத்தக்கொதிப்பு வெள்ளிக்கிழமைக்குள் குறையாவிட்டால் மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன முறையும் இதே மாதம், இதே வீக்கம். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அதனால் இந்த முறை ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். கஞ்சிக்குக்கூட உப்பில்லை. அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்காத மாலைகளில் அவள் கணவன் ஜமால் முகமது தன் பலசரக்குக் கடையிலிருந்து கொண்டுவரும் பொரி மட்டும் இறங்கியது. ராஜபாளையத்திலிருந்து புதிதாக வந்த சரக்கு. அவனுக்கு எதையும் தராசில் வைத்துத்தான் நம்பிப் பழக்கம். முதல் நாளே பாக்கெட்டைப் பிரித்து நிறுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"தட்டு அசையவே இல்லட்டி. வெறும் காத்து. இது என்ன செய்யப் போவுது, தின்னு."

அவளும் நம்பினாள். தின்று முடித்த பிறகும் வயிறு தின்னாதது போலவே இருந்ததால் அடுத்த பாக்கெட்டையும் பிரித்தாள்.

இப்போது தம்ளரில் பொரியின் உருவமே இல்லை. மேலே எண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மிதந்தது. ஒரு வாய் குடித்தாள். உப்பு தொண்டையைப் பிடித்தது. நம்பாமல் இன்னொரு வாய். இத்தனை உப்பு இத்தனை நாள் ஏன் கரிக்கவில்லை? புளிப்பும் உறைப்பும் முன்னால் ஓடிவந்து பராக்குக் காட்டிவிடுகின்றன; நாக்கு யோசிக்குமுன் பொரி போய்விடுகிறது. தன் வாய்க்குள் நடந்தது தனக்கே தெரியாமல் இருந்தது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பிறகுதான் பயம் வந்தது.

சாயங்காலம் ஜமாலிடம் தம்ளரை நீட்டினாள்.

"மச்சான், இத செத்த குடிச்சுப் பாருங்க."

"என்னது, ரசமா?" குடித்தவன் முகம் சுளித்தான். "உப்பக் கரைச்சுக் குடுத்துட்டு வேடிக்க பாக்கியாக்கும்."

"நீங்க கொண்டாந்த பொரிதான். வேற ஒண்ணும் போடல."

அவன் தம்ளருக்குள் வெகுநேரம் பார்த்தான். "தட்டு அசையலையே," என்றான் தனக்குள். பிறகு, "தெனமும் என் கையாலதான கொண்டாந்தேன்."

"கேட்டு வாங்கித் தின்னவ நானு. எனக்கும் நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

மறுநாள் அவன் வெறுங்கையோடு வந்தான். அவளுக்கோ வாய் ஊறியது. தெரிந்துகொண்ட பிறகும் ஆசை அப்படியே இருந்ததை, வேறு யாருடைய ஆசையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் பரிபூரணம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊறுகாய விட்டுட்டு ஊறுகாயோட அக்காளத் தின்னுருக்கியே."

"இனிமே தொடவே கூடாதாக்கா?"

"பிள்ளயப் பெத்துட்டு, பொறவு எப்பவாச்சும் ரெண்டு வாயில போடு, ஒண்ணும் ஆவாது. அதையே சோறாத் தின்னா உள்ள இருக்கறதுக்கு என்ன போவும்? பயறு தின்னு, முட்ட தின்னு."

"அப்ப இந்தக் கொதிப்பு அதனாலதானா?"

"அதனாலயும் இருக்கலாம். அது மட்டுந்தான்னு யாரு சொல்ல முடியும்? கையக் காட்டு."

துணிப்பட்டை கையை இறுக்கியது. கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென்று மேலே ஏறியது. கதவோரம் நின்ற ஜமால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிபூரணம் பேச்சை நிறுத்தி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் காற்றை மெல்லத் திறந்துவிட்டாள். வயிற்றின் இடப்பக்கம் பிள்ளை ஒருமுறை புரண்டது. நூர்னிசா மூச்சை அடக்கிக்கொண்டு, சிறு சிறு துடிப்புகளோடு இறங்கிக்கொண்டிருந்த அந்த வெள்ளிக் கோட்டின் நுனியைப் பார்த்தாள்.