டிரைவர் பக்கம்

துடைத்து வைக்கலாமென்று, வண்டியில் கழற்றிய சாமானைப் போட்டு வைத்திருந்த தகர மூடியைக் கையில் எடுத்தபோதுதான் அதில் என் கையெழுத்தைப் பார்த்தேன். சாக்பீஸில் பெரிதாக ஒரு ‘டி’. டிரைவர் பக்கம். இன்னொரு மூடியில் ‘கி’. கிளீனர் பக்கம். தம்பி அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

எங்கள் பட்டறையில் யாரும் இடது, வலது என்று பேசுவதில்லை. பேசினால் சண்டைதான் வரும். வண்டிக்கு முன்னால் நிற்பவனுக்கு ஒரு இடது, உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வேறொரு இடது. அடியில் மல்லாந்து கிடப்பவனுக்கோ எந்தக் கை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். ஆகவே டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறோம். ஆனால் இந்த வண்டி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் ஸ்டியரிங் ஒரு பக்கம் என்றால் இதற்கு மட்டும் எதிர்ப்பக்கம்.

முன் அச்சில் பால் ஜாயிண்ட் நான்கும் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தன. கழற்றியது நான், புதுசை ஏற்றியது அவர். மேல் ஜாயிண்ட் ஒரு வளையத்துக்குள் உட்காரும். அதன் துளை நடுவில் இருக்காது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதற்கேற்பச் சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும். கோணல் புஷ் என்போம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இல்லை, எது எங்கே இருந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பார்த்து ‘டி’ எழுதினேன். அவர் ஊர் வண்டிப் பழக்கத்தில் அதை எதிர்ப்பக்கம் என்று படித்திருப்பார். பழைய புஷ் பழைய இடத்துக்குத்தானே போகிறது என்று சாய்வை அளக்காமல், நூல் பிடித்துச் சக்கரங்களை நேர் பார்த்ததோடு விட்டுவிட்டார். நூலுக்குச் சாய்வு தெரியாது.

ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. மலைமேல் இருக்கும் கல்குவாரியில் தம்பிக்கு அங்கேயே தங்கி இந்த வண்டியை ஓட்டும் வேலை பார்த்துக் கொடுத்தது இவர்தான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என்னோடு இருப்பவன். “மலை ரோட்டுல ஓட்டறதெல்லாம் உனக்கு ஒத்து வராதுடா” என்று அவனிடம் கத்தினேன். இவரிடம் கத்தக்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

காலையில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்த தம்பி, “லேசா இழுக்குதுக்கா” என்றான். “ரோடு சாய்வா இருக்கும், போடா” என்றேன். சரிபார்க்க வேண்டுமென்றால் இவரிடம் வாயைத் திறக்க வேண்டும். என் வீம்புக்கு அது முடியவில்லை.

“ஏங்க.”

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று பாவம், முகத்தில் ஒரு சிரிப்பு.

“டி போட்டிருந்த புஷ்ஷ எந்தப் பக்கம் வெச்சீங்க?”

“டிரைவர் பக்கம்.”

“எது டிரைவர் பக்கம்?”

வண்டி நின்ற வெற்றிடத்தை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றேன்.

“நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

தம்பிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பைக்கில் பின்னால் ஏறினேன். சமதளத்தில் லேசாக இழுக்கிற வண்டி, ஒற்றை ரோட்டில், பள்ளத்தின் ஓரம் என்ன செய்யும் என்பதை நினைக்காமலிருக்க மைல்கற்களை எண்ணினேன். எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. “இன்னும் வேகமா” என்றேன். அடுத்த வளைவில் நானே “மெதுவா” என்றேன்.

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் வண்டி ஓரம்கட்டி நின்றது. தம்பி இறங்கி அதன் முன்னால் நின்றிருந்தான். ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று வைத்தேன்.

“எதுக்குக்கா அடிக்கிற? நிறுத்தினதும் உனக்குத்தான் போன் போட்டேன். நீதான் எடுக்கல.” ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்து வலித்த முன்கையைத் தேய்த்துக்கொண்டான். “பிடி விட்டா ஓரத்துக்கே போவுது. வண்டி அப்படியா, இல்ல எனக்குத்தான் ஓட்ட வரலையான்னு தெரியல. நீ சொன்னது சரிதான் போல. திரும்பிடலாம்னு பாக்கறேன்.”

மூன்று நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதும் விடுவதும் என் இஷ்டம் என்பதுபோல நின்ற அந்த நிற்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

“உன் மேல தப்பில்லடா” என்றேன். “எங்க மேலதான் தப்பு. புஷ் மாறிப்போச்சு. நீ நல்லாத்தான் ஓட்டுற.”

தம்பி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

“சரி மச்சான், ஜாக்கிய எடு. ஒரு மணி நேர வேலை. இருட்டறதுக்குள்ள மேல போயிடலாம்” என்றார் வீட்டுக்காரர். “மொதல்ல டிரைவர் பக்கம் தூக்குவோம்.”

சொல்லும்போதே கை மறுபடியும் பழைய பக்கமே நீண்டது. தம்பி சிரித்துவிட்டான். நானும் அந்தக் கை போன திசையில் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், ஆளில்லாத சீட்டில், அவன் சுருட்டிக் கட்டிய படுக்கை உட்கார்ந்திருந்தது. வளைவுகளில் சரியாமலிருக்க, அதன் குறுக்கே பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தான்.